பானமும் அதில் அடக்கம்

ஆகஸ்ட் 28, புதன்

ஐந்தாவது கல்யாண நாள். ஜவுளிக்கடையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி, கன்டோன்மென்ட் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் மாடி ஹோட்டலுக்குச் சுபாஷிணியைக் கூட்டிப்போனேன். ஆளுக்கு 1,400 ரூபாய், வேண்டியமட்டும் சாப்பிடலாம். வாசலில் தலைப்பாகை கட்டிய ஆள் கதவைத் திறந்துவிட்டான். சுபா அவனுக்கு வணக்கம் சொன்னாள். இதற்கெல்லாம் வணக்கம் சொல்லத் தேவையில்லை என்று காதோடு சொல்லிவைத்தேன்.

உட்கார்ந்ததும் உயரமான கண்ணாடிக் கிளாஸில் ஐஸ் போட்ட புதினாத் தண்ணீர் வந்தது. எனக்குப் பல் கூச்சம், ஐஸ் ஆகாது. என் கிளாஸையும் சுபா பக்கம் நகர்த்தினேன். "போதுங்க, வயித்துல இடமில்ல" என்றாள். ஐந்தாம் மாதம், கொஞ்சம் சாப்பிட்டாலே மூச்சு முட்டுகிறதாம். "பானமும் அதுல அடக்கம். வெளியில இதுவே இருநூறு ரூவா. வீணாக்காத" என்றேன். குடித்துவிட்டாள்.

சாப்பாடு முதல் தரம். பன்னீர் கொஞ்சம் ரப்பர் மாதிரி இருந்தது. அந்த விலைக்கு அது வேறு வகைப் பன்னீராக இருக்கும். வெளியில் சாப்பிடும் இடத்துக்கெல்லாம் இந்த டைரியில் மார்க் போடுவது என் வழக்கம். இதற்குப் பத்துக்கு ஒன்பதரை.

செப்டம்பர் 3, செவ்வாய்

கீழ்த்தளத்தில் மூன்று மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்த கத்தரிப்பூ நிறச் சேலைகள் பன்னிரண்டையும் ஏசி மாடிக்கு ஏற்றினேன். 1,850 ஸ்டிக்கரை உரித்துவிட்டு 3,400 ஒட்டச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் ஐந்து போய்விட்டன. பில் போடும் ரவூப் பாய் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பூவராகன், சேல அதேதானப்பா?"

"சேல அதேதான் பாய். வாங்குறவங்க மனசு மாறுதுல்ல" என்றேன். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். தீபாவளி முடியும்வரை சூப்பர்வைசர்களுக்கு லீவு கிடையாது என்றும் சொன்னார்.

செப்டம்பர் 19, வியாழன்

மாலையில் சரக்கு லாரியைப் பார்க்க உறையூர் வழியாக வண்டியில் வந்தேன். எங்கள் தெருமுனையில் இடியாப்பத் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் ஒரு கர்ப்பிணி நின்றுகொண்டே சாப்பிட்டாள். சேலையை முதலில் அடையாளம் தெரிந்தது. ஆள் யார் என்று பிறகுதான் மண்டையில் ஏறியது.

வீட்டில் கேட்டேன். மூன்றாம் மாதத்திலிருந்தே வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போகிறாளாம். "லூர்து அக்கா இடியாப்பம் ஒண்ணுதாங்க உள்ள நிக்குது" என்றாள். ஒன்று ஏழு ரூபாய். ஏழு ரூபாய்க்கு ஒருத்தி அரிசியை மாவாக்கி, அவித்து, தேங்காய்ப்பாலும் ஊற்றித் தருகிறாள் என்றால் அதில் என்ன இருக்கும்? இதை நான் கேட்டபோது சுபா சொன்ன பதில், "சீரகத் தண்ணி கொதிக்கக் கொதிக்க தராங்க."

என் மகன் ஏழு ரூபாய்ச் சாப்பாட்டில் வளரப்போவதில்லை. இனி அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மகன்தான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வளைகாப்புக்கு அக்டோபர் 20 நாள் குறித்தாகிவிட்டது. சமையலுக்கு மூன்று பேர் விலை சொன்னார்கள். இலைக்கு 180, 240, 520. ஐந்நூற்றிருபதுக்காரருக்கே முன்பணம் கொடுத்தேன். எப்படிச் சமைப்பார் என்று விசாரிக்கவில்லை, விலையிலேயே தெரிந்துவிடுகிறது.

செப்டம்பர் 28, சனி

சுபாவுக்குச் சோறு இறங்கவில்லை. மசக்கை திரும்பியிருக்கும் என்று மணப்பாறையிலிருந்து அத்தை போனில் சொன்னார். கடையில் நிற்க இடமில்லாத கூட்டம்.

அக்டோபர் 2, புதன்

காலையில் தலைவாரும்போது கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னங்க, கண்ணு மஞ்சளா இருக்கு பாருங்க" என்றாள். வெளிச்சத்தில் அழைத்துப்போய்ப் பார்த்தேன். கண் மட்டுமில்லை, நகக்கண்ணும் மஞ்சள்.

மதியத்துக்குள் அத்தை கீழாநெல்லியோடு வந்து இறங்கிவிட்டார். அரைத்து மோரில் கலந்து கொடுத்து, எண்ணெய் கூடாது, உப்பு கூடாது என்று பத்தியம் வைத்திருக்கிறார். "டாக்டர்ட்டயும் காட்டிரலாம் மாப்ள" என்றார். காட்டத்தான் வேண்டும். முதலாளியிடம் லீவு கேட்க இது நேரமில்லை. மூன்று நாள் பார்ப்போம்.

வேறென்ன காரணம், அந்த வண்டிதான்.

அக்டோபர் 3, வியாழன்

உணவுப் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். நான்கே நிமிடம். எந்த இடம், என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று அந்தப் பெண் வரிசையாகக் கேட்டாள். "எவ்வளவுன்னா? கண்டபடிக்கு" என்றேன். வேறு எங்கும் சாப்பிட்டீர்களா என்றும் கேட்டாள். வேறு எங்கும் தரமில்லாத இடத்தில் சாப்பிடவில்லை என்றேன். உண்மைதானே.

அக்டோபர் 4, வெள்ளி

வண்டியை எடுத்துப்போய்விட்டார்களாம். தண்ணீரையும் மாவையும் தனித்தனிப் புட்டியில் பிடித்தார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். நடவடிக்கை என்றால் இப்படி இருக்கவேண்டும். சுபாவிடம் சொல்லவில்லை. காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி.

அக்டோபர் 5, சனி

கடையில் இருக்கும்போது அத்தை போன் செய்தார். "மாப்ள, என்னைய யாருன்னு கேக்குறா." ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தோம். நேராகத் தீவிரப் பிரிவுக்கு. கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றச் சொன்னார்கள். நான்கும் என் சட்டைப்பையில் இருக்கின்றன. குனிந்தால் சத்தம் வருகிறது.

அக்டோபர் 7, திங்கள்

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. கல்லீரலைத் தாக்கும் வைரஸ், இ வகையாம். மற்றவர்களுக்கு வந்தால் தானாகவே போய்விடும், கர்ப்பிணிக்கு வந்தால் ஆபத்து என்றார் டாக்டரம்மா. இரண்டு உயிருக்குமா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார்.

"தண்ணியில வர்றது சார் இது. கழிவுத்தண்ணி கலந்த குடிதண்ணி, ஐஸ், இப்படி. சாப்பிட்ட மறுநாளே வர்ற வியாதி இல்ல. உள்ள போயி அஞ்சாறு வாரம் கழிச்சுத்தான் வெளியில காட்டும். ஆகஸ்ட் கடைசியில, செப்டம்பர் மொதல்ல வெளியில எங்கயாவது சாப்பிட்டீங்களா?"

தெருமுனையில் ஒரு தள்ளுவண்டி என்றேன். வேறு? நினைவில்லை என்றேன். டைரி வீட்டில் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஐந்து வாரத்துக்கு முன்பும் அவள் அந்த வண்டியில்தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே இதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கிறது.

அக்டோபர் 9, புதன்

காலை பத்து மணிக்கு ஒரு அம்மாள் வந்து என் முன்னால் நின்றார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சிலுவை, கையில் பச்சை நிற ஃப்ளாஸ்க். வண்டிக்குப் பின்னால் நிற்கும்போது பார்த்த முகம் என்பதால் உடனே பிடிபடவில்லை.

"சுபா வீட்டுக்காரரு தானே தம்பி? நான் லூர்து. புள்ளைக்கு முடியலன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நொய்க்கஞ்சி கொண்டாந்தேன். உப்பு போடல."

யாரையும் உள்ளே விடமாட்டார்கள் என்றேன். "பரவால்ல தம்பி, நீங்க குடுத்துருங்க. என் வண்டிய வேற எவனோ எழுதிப்போட்டு எடுத்துட்டுப் போயிட்டானுங்க. பதினோரு வருசமா ஒருத்தருக்கு ஒரு வயித்துவலின்னு வந்ததில்ல. அத விடுங்க, புள்ள எந்திரிக்கட்டும்" என்று சொல்லி, மாதா கோயிலில் மெழுகுவத்தி வைத்ததையும் சொல்லிவிட்டுப் போனார்.

கஞ்சியைக் கழுவுதொட்டியில் ஊற்றினேன். சூடாகத்தான் இருந்தது. சுபாவுக்கு மூக்கில் குழாய் போட்டிருக்கிறார்கள், கொடுத்திருக்கவும் முடியாது.

அக்டோபர் 12, சனி

காலை 6.40. ஆண் குழந்தை. அழவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

சுற்றுவதற்குத் துணி வேண்டும் என்றார்கள். கடைக்குப் போன் போட்டு, இருப்பதிலேயே உயர்ந்த மல் துணியாக எடுத்துவரச் சொன்னேன். ரவூப் பாய் கொண்டுவந்தார். கூடவே நின்றார்.

துணியின் ஓரத்தில் விலை ஸ்டிக்கர் இருந்தது. நகத்தால் உரித்தேன். முழுதாக வரவில்லை. பாதியோடுதான் சுற்றினோம். ஒரு கிலோ இருந்தான் என் பையன்.

அக்டோபர் 15, செவ்வாய்

சுபாவுக்கு நினைவு திரும்பியிருக்கிறது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

வராந்தாவில் கரூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தங்கைக்கும் இதே காமாலை, கர்ப்பிணி இல்லை என்பதால் பிழைத்துக்கொண்டாள். ஆகஸ்ட் கடைசியில் மாடி ஹோட்டலில் பிறந்தநாள் கொண்டாடினார்களாம். போன எட்டுப் பேரில் மூன்று பேருக்கு மஞ்சள். "நீங்களும் அங்க சாப்ட்டீங்களாண்ணே? நாலு பேரு சேந்து கேட்டாத்தான் பதில் வரும்."

இல்லை என்றேன். அந்த மனநிலையில் பேச்சை வளர்க்க விருப்பமில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

வளைகாப்பு நாள். 520 ரூபாய் சமையல்காரர் முன்பணம் திரும்பாது என்றார். சரி என்றேன்.

சுபா முதல் முறையாக நான்கு வார்த்தை சேர்த்துப் பேசினாள். "லூர்து அக்கா வரவே இல்லியா?"

வரவில்லை என்றேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. ஆறு மாதம் ஓய்வு. நேற்றுமுன்தினம் தீபாவளி போயிருக்கிறது. வளைகாப்புக்கு வாங்கிய வளையல் பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டேன். சமையலறையில் பச்சை ஃப்ளாஸ்க்கைப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று அத்தை கேட்டார். ஆஸ்பத்திரியில் யாரோ மறந்துவிட்டுப் போனது என்றேன்.

நவம்பர் 6, புதன்

போனில் செய்தி வந்தது. நான் கொடுத்த புகாரின் பேரில் எடுக்கப்பட்ட தண்ணீரும் மாவும் பாதுகாப்பானவையாம். வண்டியைத் திருப்பிக் கொடுக்க ஆவன செய்யப்பட்டதாம். மூன்று முறை படித்தேன். அன்றைக்குப் பிடித்த தண்ணீர் நல்லதாக இருந்தால் எல்லா நாளும் நல்லதாக இருந்ததென்று அர்த்தமா?

கடையில் ஒரு அம்மாள் மாடியில் சேலையை விரித்துப் பார்த்துவிட்டு, "இது கீழ இருந்துச்சே, பாதி வெலைக்கு?" என்றாள். இல்லைம்மா, இது வேற ரகம் என்றேன். வாய் தானாகச் சொல்கிறது.

நவம்பர் 8, வெள்ளி

மாலையில் வீட்டுக்குப் போனபோது என் போன் செய்தியைச் சுபா பார்த்திருந்தாள். காலையில் நான் அதை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தேன். அத்தையை வெளியே அனுப்பிவிட்டு, "டைரிய எடுங்க" என்றாள்.

எடுத்தேன்.

"கல்யாண நாளன்னைக்கு என்ன எழுதிருக்கீங்கன்னு படிங்க."

படித்தேன். தலைப்பாகை, வணக்கம், புதினாத் தண்ணீர், பல் கூச்சம். "வீணாக்காத" என்ற இடத்தில் நிறுத்தினேன். அவள் மேலே படிக்கச் சொன்னாள். ஒன்பதரை மார்க் வரை படித்தேன்.

"டாக்டரம்மா என்கிட்டயும் கேட்டாங்க. ரெண்டு கிளாஸ் ஐஸ் தண்ணி குடிச்சேன்னு சொன்னேன். அன்னைக்கே தெரியும் எனக்கு. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்." குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். "ஏழு ரூவான்னு அந்த அக்காவ வண்டியோட தூக்கிட்டீங்க. அங்க நான் ஒரு நாள் கூடப் பச்சத்தண்ணி குடிக்கல."

நாளை அத்தையோடு மணப்பாறை போகிறாள். "அக்கா வண்டி தெருமுனையில திரும்ப நிக்கட்டும். அப்புறம் பேசலாம்."

நவம்பர் 10, ஞாயிறு

லூர்து அக்காவின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். வாய்க்கால் ஓரம், ஒற்றை அறை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தோளில் ஒரு பை, அதில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டி.

"வாங்க தம்பி. புள்ள வீட்டுக்கு வந்துருச்சாமே. வண்டியா? குடுத்தாங்க. ஆனா முனையில இப்ப பானிபூரிக்காரன் நிக்கிறான். அவன்கிட்ட யாரு மல்லுக்கு நிக்கிறது? அந்த மாடி ஹோட்டல்ல பாத்திரம் வெளக்கப் போறேன். நாளுக்கு முந்நூறு."

தண்ணீர்ப் புட்டி எதற்கு என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"அங்க தண்ணிய வாயில வெக்க முடியாது தம்பி. கீழ்த்தொட்டி மூடி ஒடஞ்சு கெடக்கு, பக்கத்துலயே சாக்கடை. அதத்தான் மேல ஏத்தி, ஐஸ் மெசினுக்கும் விடுறாங்க. நான் சொன்னேன், காச்சி ஊத்துங்கன்னு. ஆயிரத்து நானூறு குடுத்து வர்றவங்களுக்குச் சுடுதண்ணியா குடுக்கிறதுன்னு மேனேஜர் சிரிக்கிறாரு." பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். "அன்னைக்குக் குடுத்த கஞ்சி புள்ள குடிச்சிச்சா?"

கொட்டிவிட்டேன் என்றேன். உங்கள் வண்டியைப் பற்றி எழுதிப்போட்டவனும் நான்தான் என்றேன். கல்யாண நாள், மாடி ஹோட்டல், இரண்டு கிளாஸ், எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். பையன் ஒரு கிலோ இருந்தான் என்றேன்.

அவர் வெகுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார். "ஏன் வந்து என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல? தெனமும் அந்த வழியாத்தான வண்டியில போறீங்க. நின்னு, அக்கா என்ன தண்ணி வெக்கிறன்னு கேட்டிருந்தா அடுப்பையே காட்டிருப்பேனே."

அவர் நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினார்.

"அந்த ஃப்ளாஸ்க் எம்மக மொத சம்பளத்துல வாங்கினது. கொண்டாந்து குடுத்துருங்க."

நவம்பர் 11, திங்கள்

கடைக்குப் போகவில்லை. போன் செய்து சொல்லவும் இல்லை.

ஃப்ளாஸ்க்கைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. பானிபூரிக்காரனிடம் பேசினேன், இடத்தைப் பாதியாக விட்டுத்தர ஒத்துக்கொண்டான். அக்காவிடம் சொன்னதற்கு, யோசிக்கிறேன் என்றார். மாடி ஹோட்டல்மேல் நான் எழுதிப்போட்டால் அவருக்கு அந்த முந்நூறும் போய்விடுமே என்று கேட்டேன். "எழுதுங்க. அந்தத் தொட்டிய நான் தெனம் பாக்குறேன்" என்றார்.

கரூர்க்காரரைத் தேடிப்பிடித்து, நாங்களும் அங்கே சாப்பிட்டோம், அன்று பொய் சொன்னேன் என்றேன். பிறகு தன் தங்கையின் பரிசோதனைத் தாள்களை அனுப்பிவைத்தார்.

மதியம் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். அதே பெண்ணின் குரல்தான் என்று நினைக்கிறேன். எந்த இடம்? சொன்னேன். எந்தத் தேதி? ஆகஸ்ட் 28, டைரியில் எழுதியிருக்கிறது என்றேன். என்ன சாப்பிட்டார்கள்? ஐஸ் போட்ட புதினாத் தண்ணீர்.

"எவ்வளவு சார் குடிச்சாங்க?"

"ரெண்டு கிளாஸ்" என்றேன்.

"ரெண்டு பேருமா?"

"இல்லம்மா. ரெண்டையும் என் மனைவிதான் குடிச்சா. ஒண்ணு என்னோடது."